உணவுக் கூப்பனும் குரூப் போட்டோவும்

கல்லூரியில் நூலகர் என்பவர் ஒற்றை ஆள். தமிழ்த்துறையில் எட்டுப் பேர் இருப்பார்கள், வணிகவியலில் பத்துப் பேர். அலுவலகத்தில் கண்காணிப்பாளருக்குப் பேச்சுத்துணைக்கு நாலைந்து கிளார்க்குகளாவது உண்டு. நூலகத்தில் நான், ஓர் உதவியாளர், புத்தகங்களை எடுத்து அடுக்கும் ஓர் அக்கா, அவ்வளவுதான். கோஹா நூலக மென்பொருளில் ஒரு ரிப்போர்ட் வர மறுக்கிறது, தரமதிப்பீட்டுக்கு நாக் குழு வருவதற்குள் ஐந்தாண்டுக் கணக்கை எந்தப் படிவத்தில் கொடுப்பது என்று தெரியவில்லை என்றால் ஸ்டாஃப் ரூமில் யாரிடம் போய்க் கேட்பது? கேட்டால், “உங்களுக்கென்ன மேடம், ஃபேனுக்கு அடியில உட்கார்ந்து புத்தகம் படிக்கிற வேலை” என்று பதில் வரும்.

இந்தத் தனிமை இன்று வந்ததல்ல. சீர்காழியில் பிறந்து, மாநிலக் கல்லூரியில் கணிதம் நடத்திக்கொண்டிருந்த எஸ். ஆர். ரங்கநாதன் 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராகப் பொறுப்பேற்றார். சில வாரங்களிலேயே அந்த ஆளரவமற்ற வேலை அவருக்குப் பொறுக்கவில்லை. பழைய வேலையையே கொடுத்துவிடுங்கள் என்று கேட்டுக்கொண்டு போய் நின்றார். லண்டனுக்குப் போய் அங்கே நூலகங்கள் எப்படி நடக்கின்றன என்று படித்துவிட்டு வாருங்கள், அப்போதும் பிடிக்காவிட்டால் கணக்கு வாத்தியார் வேலை உங்களுக்கு உண்டு என்று சமாதானம் சொல்லி அனுப்பினார்கள். அங்கே நூலகம் நூலகமாக ஏறி இறங்கினார், நூலகர்களோடு பழகினார். திரும்பி வந்தவர் கணக்குப் பக்கம் போகவே இல்லை. 1928-இல் சென்னை நூலகச் சங்கம் தொடங்கியபோது அதன் செயலாளர் அவர்தான். இந்திய நூலகவியலின் தந்தை என்று நாங்கள் கும்பிடுகிற மனிதருக்கே தொழில்காரர்களோடு பழகிய பிறகுதான் தொழில் பிடித்தது. மாநாட்டுக்குப் போக ஓ.டி. (பணி நிமித்த அனுமதி) கேட்டு முதல்வர் அறைக்குப் போகும்போதெல்லாம் இதைச் சொல்ல வேண்டும் என்று நினைப்பேன். அவர் கையெழுத்துப் போடுகிற அவசரத்தில் அதற்கெல்லாம் இடமிருக்காது.

எங்கள் தொழிலில் மாநாட்டுக்குப் பஞ்சமில்லை. இந்திய நூலகச் சங்கம் 1933-இல் கல்கத்தாவில் பிறந்தது. சிறப்பு நூலகங்களுக்கான இயாஸ்லிக் 1955-இலிருந்து இருக்கிறது. பல்கலைக்கழக, கல்லூரி நூலகர்களுக்கென்றே இன்ஃப்ளிப்நெட் மையம் 1994 முதல் ‘காலிபர்’ என்ற மாநாட்டை ஊர் ஊராக நடத்திவருகிறது. 2009-இல் புதுச்சேரிப் பல்கலைக்கழகத்திலும் 2017-இல் சென்னை அண்ணா பல்கலைக்கழகத்திலும் அது நடந்தது. இவை போக நம் கல்லூரிகளே நடத்தும் தேசியக் கருத்தரங்குகள் எத்தனையோ.

எல்லாவற்றுக்கும் நிகழ்ச்சி நிரல் ஏறத்தாழ ஒன்றுதான். தொடக்க விழா, சிறப்புரை, அமர்வு ஒன்று, அமர்வு இரண்டு என்று பெரிய எழுத்தில் அச்சாகியிருக்கும். இடையிடையே சின்ன எழுத்தில் தேநீர் இடைவேளை, மதிய உணவு, குழுப் புகைப்படம், கண்காட்சி, கலை நிகழ்ச்சி, இரவு விருந்து, உள்ளூர்ச் சுற்றுலா என்று வரும். நான் சொல்ல வந்தது அந்தச் சின்ன எழுத்தைப் பற்றித்தான். பெரிய எழுத்துச் சமாசாரத்தைத் தொகுத்துப் பென்டிரைவில் போட்டுக் கொடுத்துவிடுகிறார்கள். அதை வீட்டுக்குப் போய்ப் படித்துக்கொள்ளலாம். மற்றது அங்கே இருந்தால்தான் கிடைக்கும்.

பதிவு மேசையில் கையெழுத்துப் போட்டதும் ஒரு பை கைக்கு வரும். குறிப்பேடு, பேனா, பென்டிரைவ், மூன்று நிறத்தில் உணவுக் கூப்பன். பையின் ஜிப்பை ஒருமுறை இழுத்துப் பார்க்காத நூலகரை நான் பார்த்ததில்லை. மாநாட்டின் தரத்தை அந்த ஜிப்பை வைத்தே எடைபோடுகிற சீனியர்கள் உண்டு. எங்கள் வீட்டில் மின்சார அட்டை முதல் மருத்துவ ரிப்போர்ட் வரை எல்லாம் மாநாட்டுப் பையில்தான் இருக்கிறது. ஆனால் அந்தப் பையைவிட முக்கியமானது கழுத்தில் தொங்கவிடும் அடையாள அட்டை. நம் ஊரில் அதில் மாநாட்டுத் தலைப்பு பெரிதாக இருக்கும், கல்லூரியின் முத்திரை பெரிதாக இருக்கும், போட்டிருக்கிறவரின் பெயர் மட்டும் பேனாவால் கிறுக்கியிருக்கும். எதிரில் நிற்பவர் பெயரைப் படிக்க அவர் மார்புக்கு நேராகக் குனிய வேண்டியிருக்கிறது. பெண்கள் விஷயத்தில் இது எவ்வளவு சங்கடம் என்று அட்டை அடிக்கிறவர்கள் யோசித்திருக்கிறார்களா?

தொடக்க விழாவைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. தமிழ்த்தாய் வாழ்த்து, குத்துவிளக்கு, பொன்னாடை, நினைவுப் பரிசு. மேடையில் இருப்பவர்கள் ஒவ்வொருவரும் ஐந்து நிமிடம் கூடுதலாக எடுத்துக்கொள்வார்கள். அந்த நேரம் எங்கே கழியும் என்றால், தேநீர் இடைவேளையில்தான் கழியும். அரை மணி நேரம் என்று அச்சடித்தது பத்து நிமிடமாகும். ஒருங்கிணைப்பாளர் மைக்கில், “டீயை கையில எடுத்துக்கிட்டே உள்ள வந்துடுங்க” என்பார். மாநாட்டின் முதல் இழப்பு அதுதான் என்பது என் கட்சி.

ஏனென்றால் அந்த டீ வரிசையில்தான் எங்கள் தொழிலின் உறவுமுறை தெரியும். பல்கலைக்கழக நூலகர்கள் ஒரு வட்டம். முனைவர் பட்ட மாணவர்கள் தங்கள் கைடைச் சுற்றி ஒரு வட்டம். கல்லூரி நூலகர்கள் வடை தட்டுக்குப் பக்கத்தில். புதிதாக வேலையில் சேர்ந்த பிள்ளைகள் சுவரோரமாக நின்று, போனில் ஏதோ அவசரம் இருப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். வட்டத்துக்குள் நுழைய ஒரே ஒரு கேள்விதான் சாவி: “நீங்க யாருகிட்ட பி.எச்டி. பண்ணுனீங்க?” இன்னாரிடம் என்று சொன்னால், “அட, அவர் எங்க சாரோட ஸ்டூடண்டுல்ல, அப்ப நீ எங்களுக்குத் தங்கச்சி” என்று பத்து நொடியில் சொந்தம் ஏற்பட்டுவிடும். கைடு வழிச் சொந்தம், ரத்த சொந்தத்தைவிட ஒரு படி மேலே. கைடு இல்லாதவர்கள், அதாவது எம்.லிப்.ஐ.எஸ்-ஸோடு நின்றவர்கள், வடை தின்றுவிட்டு உள்ளே போக வேண்டியதுதான். இதை யாராவது ஒருவர் கவனித்து மாற்ற வேண்டும்.

டீ வரிசையில் இப்படிப் பழகுவதால் என்ன லாபம் என்று கேட்பீர்கள். போன பருவத்தில் எங்கள் தமிழ் முதுகலை மாணவி ஒருத்திக்குப் பழைய சிற்றிதழ் ஒன்றில் வந்த கட்டுரை தேவைப்பட்டது. நூலகங்களுக்கிடையே இரவல் வாங்க டெல்நெட் போன்ற அமைப்புகள் வழியாக முறையான ஏற்பாடு இருக்கிறது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அந்த இதழ் எந்தப் பட்டியலிலும் ஏறாத இதழ். ஒரு மாநாட்டில் அறிமுகமான காரைக்குடிப் பக்கத்து நூலகர் ஒருவருக்குப் போன் போட்டேன். “மேடம், எங்ககிட்ட பைண்டு வால்யூம் இருக்கு, எந்த வருசம்னு சொல்லுங்க” என்றார். சாயங்காலம் அந்தப் பக்கங்கள் வாட்ஸ்அப்பில் வந்து விழுந்தன. அந்த மாணவிக்கு நான் மந்திரவாதியாகத் தெரிந்திருப்பேன். மந்திரம் எல்லாம் ஒன்றுமில்லை, அவரும் நானும் ஒரு சாம்பார் வாளிக்கு முன்னால் அரை மணி நேரம் காத்திருந்திருக்கிறோம்.

கண்காட்சி அரங்குக்கு வருவோம். பதிப்பகத்தார், தரவுத்தள நிறுவனங்கள், ஆர்.எஃப்.ஐ.டி. கதவு விற்பவர்கள், ஸ்கேனர் விற்பவர்கள், கருத்துத் திருட்டைக் கண்டுபிடிக்கும் மென்பொருள் விற்பவர்கள் என்று வரிசையாக மேசை போட்டிருப்பார்கள். விசிட்டிங் கார்டைக் கண்ணாடிக் கிண்ணத்தில் போட்டால் மாலையில் குலுக்கல், பரிசு உண்டு. வெளியாட்களுக்குத் தெரியாத ஒரு விஷயம்: நூலகர் என்பவர் லட்சக்கணக்கில் கொள்முதலுக்குப் பரிந்துரை எழுதுகிறவர். பெரிய பல்கலைக்கழகங்களில் அது கோடியைத் தொடும். அதனால்தான் இரவு விருந்துப் பந்தலில் ‘விருந்து வழங்குவோர்’ என்று ஒரு நிறுவனத்தின் பேனர் தொங்குகிறது. நான் அந்தச் சாப்பாட்டைச் சாப்பிடுகிறேன், மறைப்பானேன்? பதிவுக் கட்டணத்தில் மட்டும் மாநாடு நடத்த முடியாது என்பதும் தெரியும். பேனாவுக்கும் டைரிக்கும் மேலே எதையும் வாங்குவதில்லை என்று ஒரு கோடு போட்டு வைத்திருக்கிறேன். எல்லாரும் அந்தக் கோட்டை ஒரே இடத்தில் போடுவதில்லை.

இந்த அரங்கில் இப்போது பேச்சு மாறியிருக்கிறது. 2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை ‘ஒரே நாடு, ஒரே சந்தா’ திட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்தது. 2025 முதல் மூன்று ஆண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய், 30 பதிப்பாளர்களின் ஏறத்தாழ 13,000 ஆய்விதழ்கள், அரசு நடத்தும் உயர்கல்வி, ஆராய்ச்சி நிறுவனங்களுக்கு. அந்த நிறுவனங்களைப் பொறுத்தவரை விலை பேசும் இடம் நூலகர் மேசையிலிருந்து தில்லிக்குப் போய்விட்டது. இதனால் யாருக்கு நன்மை, யார் வெளியே நிற்கிறார்கள் என்று மேடையில் மரியாதையாகப் பேசுகிறார்கள். உண்மையான கருத்தைக் கேட்க வேண்டுமானால் கைகழுவும் இடத்துக்குத்தான் வர வேண்டும்.

குரூப் போட்டோ ஒரு தனிக் கூத்து. மதியச் சாப்பாட்டுக்கு முன்னால், உச்சி வெயிலில், அரங்கத்தின் படிக்கட்டில். முன்வரிசை பிளாஸ்டிக் நாற்காலிகளில் யார் உட்காருவது என்று நடக்கும் மௌனப் போராட்டத்தை வைத்து ஒரு முனைவர் பட்ட ஆய்வே செய்யலாம். துணைவேந்தருக்குப் பக்கத்து நாற்காலி காலியாக இருப்பதுபோலத் தெரியும், இருக்காது. பின்வரிசையில் நிற்கிற குள்ளமானவர்களின் நெற்றி மட்டும் படத்தில் விழும். ஆனாலும் அந்தப் படத்தை யாரும் தூக்கிப் போடுவதில்லை. ஊருக்குத் திரும்பிய பிறகு, “மூணாவது வரிசைல பச்சைப் புடவை, அவங்க நம்பர் யார்கிட்டயாவது இருக்கா?” என்று குழுவில் கேள்வி வரும். யாராவது அனுப்புவார்கள். எங்களுக்கு அதுதான் டெலிபோன் டைரக்டரி.

இனி இரவு விருந்து. பல ஆண்டுகளாக என்னைக் குடைந்துகொண்டிருந்த ஒரு சிக்கல் தீர்ந்தது அப்படியொரு விருந்தில்தான். எங்கள் கல்லூரியின் தமிழ்ப் புத்தகப் பட்டியலை எனக்கு முன்பிருந்தவர்கள் பழைய மென்பொருளில், பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்து வைத்திருந்தார்கள். தமிழ்நாடு அரசு 2010-இலேயே ஒருங்குறிக்கு மாறச் சொல்லி ஆணை போட்டாயிற்று. எங்கள் பட்டியல் மட்டும் பழைய உலகத்திலேயே இருந்தது. அதைக் கோஹாவுக்கு மாற்றிப் பார்த்தால் புதுமைப்பித்தன் வரவேண்டிய இடத்தில் தலையில் கொம்பும் காலில் வாலும் முளைத்த ஐரோப்பிய எழுத்துகளாக வந்தன. எல்லாவற்றையும் மறுபடி தட்டச்சு செய்ய ஆள் கிடையாது, பணமும் கிடையாது. இதைப் பற்றி எந்த ஆய்வுக் கட்டுரையும் எழுதப்பட்டதாகத் தெரியவில்லை. எழுதினாலும், இவ்வளவு அற்பமான விஷயத்துக்குப் பதவி உயர்வுப் புள்ளி கிடைக்காது.

பாக்குமட்டைத் தட்டில் ரசம் சாதத்தை வைத்துக்கொண்டு நின்றபடி பக்கத்தில் இருந்தவரிடம் இதைப் புலம்பினேன். கோவைப் பக்கத்து நூலகர், வயதில் என்னைவிடச் சின்னவர். சாப்பிடுவதை நிறுத்திவிட்டார்.

“மேடம், மாத்துறதுக்கு முன்னாடி ஒண்ணு பண்ணுங்க. எக்செல்லுக்கு எடுத்துக்கிட்டு, இங்கிலீஷ் கலந்த கட்டத்தையெல்லாம் தனியாப் பிரிச்சிருங்க. பதிப்பாளர் பேரு, விலை, ஐ.எஸ்.பி.என். எல்லாம் இங்கிலீஷ்ல இருக்கும்ல? அதையும் சேர்த்து கன்வர்ட்டர்ல போட்டா அது தமிழாக்கும்னு கந்தலாக்கிடும்.”

“எந்த எழுத்துருன்னே தெரியலையே தம்பி?”

“பேரை நம்பாதீங்க. ஒரே பேருல வேற வேற குறியீடு இருக்கும். அம்பது தலைப்பு மட்டும் எடுத்து ஒவ்வொண்ணாப் போட்டுப் பாருங்க. ‘ஞா’வும் ‘ணை’யும் சரியா வந்தா அதுதான். அப்புறம் மார்க்எடிட்ல ஏத்தி, ஐந்நூறு ஐந்நூறா அனுப்புங்க. மொத்தமா அனுப்பினா எங்க கோளாறுன்னு தெரியாது.”

உணவுக் கூப்பனின் பின்பக்கத்தில் இதை எழுதிக்கொண்டேன். ரசம் ஆறிப்போனது. இரண்டு மாதத்தில் எங்கள் தமிழ்ப் பட்டியல் முழுவதும் ஒருங்குறிக்கு வந்துவிட்டது. அந்தத் தம்பி அன்று காலை வாசித்த கட்டுரை மேகக் கணிமையைப் பற்றியது. அதில் ஒரு வரிகூட இப்போது நினைவில்லை.

கலை நிகழ்ச்சி பெரும்பாலும் விருந்துக்கு முன்பே நடந்துவிடும், அல்லது நடந்திருக்க வேண்டும். மாணவிகளின் வரவேற்பு நடனம், ஒயிலாட்டம், ஒரு மிமிக்ரி. பிறகு மைக் எங்கள் ஆட்கள் கைக்கு வரும்போதுதான் களை கட்டும். பகலெல்லாம் மெட்டாடேட்டா என்று முழங்கிய பேராசிரியர் கைப்பேசியில் கரோக்கியை வைத்துக்கொண்டு பி. பி. ஸ்ரீநிவாஸ் பாட்டை எடுத்துவிடுவார். அடுத்த நாள் அவரிடம் போய்ச் சந்தேகம் கேட்க யாருக்கும் தயக்கம் இருக்காது. பாட்டு அப்படி ஒரு சமத்துவத்தைக் கொண்டுவருகிறது.

ஆனால் யாருக்கு? ஆறு மணிக்கென்று போட்ட நிகழ்ச்சி ஏழரைக்குத் தொடங்கும். அதற்குள் பக்கத்து ஊர்ப் பெண்கள் பஸ் பிடிக்க ஓடியிருப்பார்கள். வெளியூர்ப் பெண்களுக்கு மகளிர் விடுதியில் இடம் கொடுத்திருப்பார்கள், அதன் வாசல் கேட்டுக்கு ஒரு நேரம் உண்டு. ஐம்பது வயதில், இருபது ஆண்டு சர்வீஸோடு, வாட்ச்மேனிடம் கெஞ்சிக்கொண்டு நின்றிருக்கிறேன். பகல் அமர்வுகளில் பாதிக்குமேல் பெண்கள் இருக்கிறார்கள். இரவு விருந்தில் எண்ணினால் ஒரு மேசைகூடத் தேறாது. அப்புறம் அடுத்த மாநாட்டின் குழுவில் யார் யார் என்று அந்த விருந்தில்தான் முடிவாகிறது.

அமெரிக்காவில் கல்லூரி, ஆய்வு நூலகங்களுக்கான சங்கம் ஏ.சி.ஆர்.எல். என்ற பெயரில் இயங்குகிறது. 1978-இல் பாஸ்டனில் முதல் மாநாட்டை நடத்தியது. இப்போது இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை ஏதாவதொரு நகரத்தில் கூடுகிறார்கள். 2019-இல் கிளீவ்லாந்தில் கூடியபோது எல்லாருக்குமான வரவேற்பு விருந்தை எங்கே வைத்தார்கள் தெரியுமா? ஈரி ஏரிக்கரையில், ஐ. எம். பெய் என்ற கட்டடக் கலைஞர் வடிவமைத்து 1995-இல் திறக்கப்பட்ட ராக் அண்ட் ரோல் அருங்காட்சியகத்தில். அங்கே ஒரு பல்கலைக்கழக நூலகத்தில் வேலை பார்க்கும் என் கல்லூரித் தோழி இதைச் சொன்னபோது எனக்குக் கொஞ்சம் பொறாமைதான். கிட்டார்களும் மேடை உடைகளும் வைத்த கண்ணாடிப் பெட்டிகளுக்கு நடுவே நின்று பேசும்போது எதைப் பேசித் தொடங்குவது என்ற பிரச்சினையே இல்லை, கண்ணெதிரே ஏதாவது இருக்கும் என்றாள். கவனித்துப் பார்த்தால் அதில் ஒரு யோசனை இருக்கிறது. முன்பின் தெரியாத இரண்டு பேரை வெறும் மண்டபத்தில் நிறுத்தினால் போனைத்தான் எடுப்பார்கள்.

அவர்களிடம் நான் எடுத்துக்கொள்ள விரும்புவது வேறு இரண்டு ஏற்பாடுகள். முதன்முறை வருகிறவர்களின் அட்டையில் ஒரு நாடாவை ஒட்டிவிடுகிறார்கள். பார்த்தவுடன் பழைய ஆட்கள் தாங்களாகவே போய்ப் பேச வேண்டும் என்பது பழக்கம். இன்னொன்று, இரவுச் சாப்பாட்டுக்குச் சின்னச் சின்னக் குழுவாக ஊர் உணவகங்களுக்குப் பெயர் எழுதி வைத்துப் போவது. அவரவர் பில்லை அவரவர் கொடுத்துக்கொள்ள வேண்டும். பேனரும் இல்லை, மேடையும் இல்லை. ஏழெட்டுப் பேர் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்தால் வாயைத் திறக்காமல் எழுந்திருக்க முடியாது. நம் ஊரில் இதற்கு என்ன செலவு? ஒரு தாளும் பேனாவும்.

எல்லாம் அங்கே ஒழுங்கு என்று நினைத்துவிட வேண்டாம். அமெரிக்க நூலகச் சங்கம் 1876-இல் பிலடெல்பியாவில் தொடங்கியபோது வந்தவர்கள் 103 பேர், அதில் பெண்கள் 13 பேர். தொடங்கியவர்களில் ஒருவர் மெல்வில் டூயி. அவருடைய எண்முறையில்தான் எங்கள் நூலகத்துத் தமிழ் இலக்கியம் 894.811 என்று இன்றைக்கும் அடுக்கப்பட்டிருக்கிறது. அந்தக் காலத்தில் மாநாடு முடிந்ததும் கூட்டாகச் சுற்றுலா போவது வழக்கம். 1905-இல் போர்ட்லாந்து மாநாட்டுக்குப் பிறகு அலாஸ்காவுக்குப் போனார்கள். அந்தப் பயணத்தில் டூயி தங்களிடம் தகாத முறையில் நடந்துகொண்டதாகப் பெண் நூலகர்கள் சிலர் புகார் சொன்னார்கள். அடுத்த ஆண்டு அவர் சங்கத்தின் பொறுப்புகளிலிருந்து ஒதுங்க வேண்டியதாயிற்று. ஆனாலும் சங்கத்தின் உயர்ந்த பதக்கம் அவர் பெயரிலேயே பல பத்தாண்டுகள் வழங்கப்பட்டு வந்தது. 2019-இல்தான் அந்தப் பெயரை எடுக்க முடிவு செய்தார்கள். நூறு ஆண்டுக்கும் மேல். இன்று அங்கே மாநாட்டில் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதை எழுதி வைத்திருக்கிறார்கள், அது அரங்குக்கு வெளியே நடக்கும் விருந்துக்கும் பொருந்தும். நம் மாநாட்டுக் குறிப்பேடுகளில் பார்க்கிங் எங்கே என்று இருக்கிறது, புகார் யாரிடம் சொல்வது என்று இருப்பதில்லை. சுற்றுலாவும் விருந்தும் வேண்டும் என்று வாதாடுகிற நான்தான் இதையும் கேட்க வேண்டியிருக்கிறது.

உலக அளவில் இஃப்லா என்ற கூட்டமைப்பு இருக்கிறது, 1927-இல் எடின்பரோவில் தொடங்கியது. 1992-இல் புதுதில்லியிலும் 2018-இல் கோலாலம்பூரிலும் அதன் மாநாடு நடந்தது. அங்கேயும் ஒரு மாலை முழுக்கப் பாட்டும் ஆட்டமும்தான். இதைவிட எனக்குப் பிடித்தது சைக்கிள்காரர்கள் கதை. 2011-இல் கோபன்ஹேகனிலிருந்து பெர்லின் வரை நூலகர்கள் கூட்டமாக சைக்கிள் மிதித்துக்கொண்டு, வழியில் இருக்கும் நூலகங்களில் இறங்கிப் பேசிக்கொண்டே போனார்கள். அதற்குப் பிறகும் வெவ்வேறு நாடுகளில் போயிருக்கிறார்கள். கட்டுரை வாசிப்பு, பவர்பாயின்ட் எதுவும் முன்னால் நிற்காத மாநாடு. என் முழங்கால் அனுமதித்தால் கன்னியாகுமரியிலிருந்து சென்னைக் கன்னிமாரா நூலகம் வரைக்கும் ஒன்று ஏற்பாடு செய்வேன்.

சுற்றுலா என்றதும் முதல்வர்களுக்கு முகம் மாறும். கடைசி நாள் பஸ் ஏறி ஊர் பார்ப்பதற்கு ஓ.டி. எதற்கு என்பார்கள். தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு கருத்தரங்கு நடந்தபோது எங்களைச் சரஸ்வதி மகால் நூலகத்துக்குக் கூட்டிப்போனார்கள். மற்ற பயணிகள் அரண்மனைத் தர்பாரை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் கூட்டம் சுவடிக்கட்டுகளின் ஓரத்தில் ஒட்டிய எண்ணைப் பார்த்து, இது எந்த வரிசை என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தது. சரபோஜி மன்னர் காசிக்குப் போனபோது சுவடிகளைச் சேகரித்து வந்தவர். இந்த நூலகம் இன்று இருக்கும் நிலைக்குப் பெரும்பங்கு அவருடையது. அங்கே பூச்சி வராமலிருக்க ஒரு பொடி வைக்கிறார்கள். வசம்பு, கருஞ்சீரகம், கிராம்பு, மிளகு, பட்டை ஆகியவற்றை இடித்துக் கற்பூரம் சேர்த்து, துணியில் சின்னதாக முடிந்து அலமாரியில் வைப்பது. ஓலையின் மேல் புல்தைலம் தடவுவதையும் காட்டினார்கள்.

எங்களோடு வந்த மருத்துவக் கல்லூரி நூலகர் ஒருவர் அந்த முடிச்சை மூக்கருகே கொண்டுபோய், “சார், இதை எத்தனை மாசத்துக்கு ஒருக்கா மாத்துவீங்க?” என்று கேட்டார். அங்கிருந்த ஊழியர் முகம் மலர்ந்துவிட்டது. எத்தனை ஆயிரம் பேர் வந்திருப்பார்கள், அந்தக் கேள்வியை எத்தனை பேர் கேட்டிருப்பார்கள்? அங்கேயே ஒரு வகுப்பு நடந்தது. வாசம் குறைந்தால் மாற்ற வேண்டும், மழைக்காலத்தில் துணி ஈரமானால் அதுவே கெடுதல், நேரடியாக ஓலையின் மேல் படக்கூடாது. பஸ் கிளம்ப நேரமாகிவிட்டது என்று ஒருங்கிணைப்பாளர் விசில் ஊதியும் யாரும் நகரவில்லை. எங்கள் கல்லூரியில் நன்கொடையாக வந்த பழைய அச்சுப் புத்தகங்கள் இருக்கும் இரும்பு பீரோவில் இப்போது அந்த முடிச்சுகள் தொங்குகின்றன. ராமபாணம் வருவது குறைந்திருக்கிறது.

கொரோனா காலத்தில் இதெல்லாம் இல்லாமல் மாநாடு நடத்திப் பார்த்தாயிற்று. ஏ.சி.ஆர்.எல். அமைப்பின் 2021 மாநாடு முழுக்க இணையத்தில் நடந்தது. நம் ஊரிலோ 2020-இல் வாரத்துக்கு வாரம் வெபினார், மின்சான்றிதழ் மழை. உரைகள் எல்லாம் ஒழுங்காகக் கேட்டன, வீட்டிலிருந்தே கேட்க முடிந்ததில் பெண்களுக்கும் தூரத்து ஊர்க்காரர்களுக்கும் லாபமும் உண்டு. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த வெபினார்களில் அறிமுகமான ஒருவரிடம்கூட இன்றைக்கு ஒரு புத்தகத்துக்காக நான் போன் செய்வதில்லை.

ஆகவே கருத்தரங்கு நடத்தும் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். தேநீர் நேரத்தை வெட்டாதீர்கள், வேண்டுமானால் ஒரு வாழ்த்துரையை வெட்டுங்கள். அட்டையில் பெயரை எட்டடி தூரத்திலிருந்து படிக்கிற மாதிரி அடியுங்கள். கலை நிகழ்ச்சியை ஐந்தரைக்குத் தொடங்கி எட்டுக்குள் விருந்தை முடியுங்கள், விடுதி கேட்டைத் திறந்து வைக்கச் சொல்லுங்கள். சுவரோரம் போனைப் பார்த்துக்கொண்டு நிற்கும் பிள்ளையிடம் போய்ப் பேச இரண்டு சீனியர்களுக்குப் பொறுப்புக் கொடுங்கள். புகாருக்கு ஒரு பெயரும் எண்ணும் அச்சடியுங்கள். முதல்வர்களுக்கும் ஒரு வார்த்தை: மூன்று நாள் மாநாட்டுக்கு இரண்டு நாள் ஓ.டி. என்று கணக்குப் பார்க்காமல், அந்தப் பஸ் கிளம்புகிற நாளுக்கும் சேர்த்துக் கையெழுத்துப் போடுங்கள்.